ஒரு தடவை திறப்பதற்காக முந்நூறு தடவை கட்டிப் பார்த்தல்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி விஞ்ஞான மன்றம் நடத்திய பழைய மாணவியர் உரையரங்கில், வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ டெங்கைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசவந்திருப்பது விண்கலங்களைப் பற்றி. அதிலும், விண்கலத்தில் மடித்துக் கட்டிவைத்த ஒன்றை அவிழ்த்துவிடும் சிறு பொறியைப் பற்றியும், அதைக் குறைந்த செலவில் பரிசோதிப்பது பற்றியும். இது வைத்தியருக்கு ஏன் என்று கேட்பீர்கள். அதற்கான பதில் பேச்சின் நடுவில் வரும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை தொடங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். நூற்றாண்டுக் கண்காட்சிக்குச் செய்மதி ஒன்றின் மாதிரியைக் காட்போட்டில் செய்யப்போவதாக விஞ்ஞான மன்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை எங்கள் வகுப்புத் தோழி. “எல்லாம் காட்போட்டாக இருக்கட்டும், ஒரேயொரு உறுப்பாவது உண்மையாக வேலை செய்யவேண்டும்” என்றார் அவர். பிள்ளைகள் அன்ரெனாவைத் தெரிவு செய்தார்கள். அன்றிரவே தோழி எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் கேட்டார். கடல்கடந்து வாழும் பொறியியலாளர் ஒருவர், கணக்காளர் ஒருவர், வீட்டை நிர்வகிக்கும் இருவர், வைத்தியர் ஒருவர் எனப் பழைய வகுப்பு மீண்டும் கூடிவிட்டது.

தங்கைகளே, ரொக்கெட்டின் தலைப்பகுதியில் இடம் மிகக் குறைவு. ஆகவே சூரியத் தகடுகள், அன்ரெனாக்கள், நீண்ட கைகள் எல்லாவற்றையும் குடையைப் போல மடித்துக் கட்டித்தான் அனுப்புகிறார்கள். புறப்படும்போது ஏற்படும் பேரதிர்வில் அந்தக் கட்டு அவிழக்கூடாது. மேலே போன பின்னர், கட்டளை கிடைத்த உடனே அவிழ்ந்தே ஆகவேண்டும். இறுக்கமாகப் பிடித்திருக்கவும் வேண்டும், தயங்காமல் விடவும் வேண்டும். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. தவறினால் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்ய ஆளில்லை.

அப்படித் தவறிய ஒரு கதை இது. வியாழன் கிரகத்தை ஆராய 1989 ஒக்டோபரில் நாசா அனுப்பிய கலிலியோ விண்கலத்தில், 18 விலாக்கம்பிகளைக் கொண்ட பெரிய அன்ரெனா ஒன்று இருந்தது. அதன் விட்டம் 4.8 மீற்றர். 1991 ஏப்ரல் 11ஆம் திகதி அதை விரிக்கும்படி கட்டளை அனுப்பினார்கள். சில கம்பிகள் ஒட்டிக்கொண்டன. குடை பாதியில் நின்றது. ஏன்? 1986இல் சலெஞ்சர் விபத்துக்குப் பின்னர் பயணம் பின்போடப்பட்டதால், விண்கலம் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லொறியில் மீண்டும் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டது. அந்தக் குலுக்கத்தில் கம்பிகளின் முனையிலிருந்த உலர் மசகுப்பூச்சு தேய்ந்துபோனது என்பதே ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவு. பூமியில் காற்றுப் படுவதால் உலோகத்தின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை இருக்கும்; அது ஓரளவு காப்பாற்றும். வெற்றிடத்தில் அந்தப் படை ஒருமுறை உரசுப்பட்டுப் போனால் மீண்டும் உருவாகாது. வெறும் உலோகமும் உலோகமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

நொடிக்கு 134,000 பிற் தகவலை அனுப்பவேண்டிய விண்கலம், இறுதியில் சிறிய அன்ரெனா ஒன்றின் மூலம் அதிகபட்சம் நொடிக்கு 160 பிற் அளவிலேயே பேசியது. ஆனாலும் பொறியியலாளர்கள் கைவிடவில்லை. தகவலைச் சுருக்கி அனுப்பும் புதிய முறைகளைக் கண்டு, நினைத்த பணியில் பெரும்பகுதியைச் செய்து முடித்தார்கள். அது வேறொரு பெரிய கதை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த அன்ரெனா சோதிக்கப்படாமல் போகவில்லை. சோதித்த நாளின் அன்ரெனாவும் விரிக்கக் கட்டளையிட்ட நாளின் அன்ரெனாவும் ஒரே நிலையில் இருக்கவில்லை.

இன்னொரு கதையில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. 1973 மே மாதம் ஸ்கைலாப் விண்நிலையம் புறப்பட்டபோது அதன் காப்புத் தகடு பிய்ந்து, ஒரு சூரியச் சிறகு கழன்றே போய்விட்டது. மற்றச் சிறகை ஓர் அலுமினியப் பட்டி இறுகப் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்க ஜூன் 7ஆம் திகதி வெளியே சென்ற இருவரில் ஒருவர் பீற் கொன்ராட். மற்றவர் ஜோசப் கேர்வின். கேர்வின் ஒரு வைத்தியர்! நீண்ட தடியின் நுனியில் பொருத்திய வெட்டுக்கருவியால் அந்தப் பட்டியை வெட்டி, பின்னர் கயிற்றைத் தோளில் போட்டு இருவருமாக உந்தி, சிறகைத் திறந்தார்கள். அவர்கள் வெளியே போகும் முன்னரே, பூமியில் பெரிய நீர்த்தொட்டி ஒன்றினுள் அதே சிக்கலின் மாதிரியைக் கட்டி, இன்னொரு விண்வெளி வீரர் அந்த முறையைச் செய்துபார்த்திருந்தார்.

2023இலும் இதேபோல ஒன்று நடந்தது. வியாழனின் நிலவுகளை நோக்கி ஐரோப்பியர் அனுப்பிய ஜூஸ் விண்கலத்தின் 16 மீற்றர் அன்ரெனா முழுமையாக விரியவில்லை. மிகச் சிறிய ஆணி ஒன்று சிக்கியிருக்கலாம் என்று கருதினார்கள். விண்கலத்தைக் குலுக்கினார்கள், சூரியனின் பக்கம் திருப்பிச் சூடாக்கினார்கள். கடைசியில், அருகிலிருந்த இன்னொரு விடுவிப்புப் பொறியை இயக்கியபோது ஏற்பட்ட அதிர்ச்சியில் அது நகர்ந்தது. எவ்வளவு பணமிருந்தாலும் ஆணி ஆணிதான்.

இனி எங்களுக்கு எட்டக்கூடிய உலகத்துக்கு வருவோம். 1999இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இருவர் கியூப்சாட் என்ற சிறு செய்மதியின் அளவை வகுத்தார்கள். பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு பெட்டி. இலங்கையின் முதற் செய்மதியான ராவணா-1 அத்தகையது. நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் அதைச் செய்தார்கள். 2019 ஏப்ரலில் சர்வதேச விண்நிலையத்துக்குச் சென்று, ஜூன் 17ஆம் திகதி அங்கிருந்து வெளியே விடப்பட்டது. அந்த இருவரில் ஒருவர் பெண் என்பதையும் தங்கைகள் நினைவில் வைத்திருங்கள்.

இப்படிப்பட்ட சிறு செய்மதிகள் பலவற்றில் அன்ரெனா எது தெரியுமா? தச்சர் பயன்படுத்தும் உருக்கு அளவுநாடாத் துண்டு. மடித்தால் மடியும், விட்டால் தானே நிமிரும். அதைக் கட்டிவைப்பது எங்கள் கரையோரத்தில் மீன்பிடிக்கும் தங்கூசி. அதை அறுப்பது மின் அழுத்தியில் இருக்கும் வகையான நைக்குரோம் கம்பி. செய்மதி வெளியே விடப்பட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழிந்த பின்னர் கம்பிக்கு மின்னோட்டம் போகும், கம்பி சூடாகும், தங்கூசி உருகி அறும், அன்ரெனா நிமிரும். ஹாட்வெயார் கடையிலும் மீன்பிடிச் சாமான் கடையிலும் வாங்கக்கூடிய பொருட்கள்!

ஆகவே அதைச் செய்வது பெரிய காரியமல்ல. அது தவறாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதுதான் கேள்வி. பெரிய நிறுவனங்களிடம் குளிரும் வெற்றிடமும் சேர்ந்த பரிசோதனை அறைகள் உண்டு. எங்களிடம் இருந்தது ஆய்வுகூடத்தின் பின்மேசை.

அந்த மேசையில் பிள்ளைகள் அமைத்த கருவி இதுதான். ஒரு பலகை. அதில் அளவுநாடாத் துண்டு பொருத்திய தாங்கி. இரண்டு பேனாக்களிலிருந்து எடுத்த சுருள்விற்கள் நைக்குரோம் கம்பியைத் தங்கூசியின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். தங்கூசி உருக உருகக் கம்பி பின்தொடரும். கட்டின் இழுவையை அளக்க ஆய்வுகூடத்து விற்றராசு. மின்னோட்டத்தை அளக்க அம்பியர்மானி. அறுவதற்கு எடுத்த நேரத்தைப் பார்க்கக் கைத்தொலைபேசியின் மெதுவியக்க வீடியோ. நாடா முகத்தில் அடிக்காமல் இருக்கப் பாதுகாப்புக் கண்ணாடி. அளவுக்கோப்பை முதற்கொண்டு எல்லாம் இருந்த இடத்திலேயே கிடைத்தன. வாங்கவேண்டி வந்தது தங்கூசியும் கம்பியும் மட்டுமே.

மலிவான கருவி பொய் சொல்லும் இடங்களை முதலில் தேடுங்கள் என்று பொறியியலாளர் தோழி திரையிலிருந்து சொன்னார். நான்கு இடங்கள் கண்டோம்.

முதலாவது, புவியீர்ப்பு. நாடா கீழ்நோக்கி விரிந்தால் அதன் நிறையே உதவி செய்யும். மேல்நோக்கி விரிந்தால் தடுக்கும். விண்வெளியில் இரண்டும் இல்லை. ஆகவே பலகையைக் கிடையாக வைத்து, நாடா பக்கவாட்டில் விரியும்படி சோதித்தார்கள். பின்னர் மேல்நோக்கியும் சோதித்தார்கள். கடினமான பக்கத்தில் வென்றால் இலகுவான பக்கத்துக்குப் பயமில்லை.

இரண்டாவது, குளிர். ரெஜிபோம் பெட்டியில் பனிக்கட்டியையும் உப்பையும் கலந்தால் மறை 10 பாகை செல்சியசுக்கும் கீழே போகலாம். கருவியைப் பொலித்தீன் பையில் இட்டு, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் முடிச்சின்மேல் உறைந்து பரிசோதனையையே கெடுத்துவிடும். அறையில் ஒருமுறையும் தவறாத கருவி, குளிரில் நான்காவது தடவை தவறியது. பற்றரியும் குளிர்ந்ததால் அதன் வோல்ற்றளவு இறங்கி, கம்பி போதிய அளவு சூடாகவில்லை. இந்த ஒரு தவறு, அதற்கு முந்திய அத்தனை வெற்றிகளையும்விட அதிகம் கற்பித்தது.

மூன்றாவது, வெற்றிடம். காற்றில் கம்பியின் வெப்பத்தில் பெரும்பகுதி மேற்காவுகையால் போய்விடும். வெற்றிடத்தில் கடத்தலும் கதிர்ப்பும் மட்டுமே. அதே மின்னோட்டத்தில் கம்பி மேலும் கொதிக்கும். காற்றில் தங்கூசியை அறுக்கும் மின்னோட்டம் வெற்றிடத்தில் நிச்சயம் அறுக்கும்; ஆனால் கம்பியே எரிந்து அறுந்துவிடக்கூடும். ஆகவே பிள்ளைகள் காற்றிலேயே வேண்டுமென்று மின்னோட்டத்தைக் கூட்டி, கம்பி சிவக்கும்வரை வைத்து, குறித்த நொடிகளுக்கு அது தாங்குகிறதா என்று பார்த்தார்கள். இது வெற்றிடத்துக்கு ஈடாகாது. குறிப்பேட்டில் “உண்மையான வெற்றிடத்தில் சோதிக்கப்படவில்லை” என்று சிவப்பு மையில் எழுதச் சொன்னோம்.

நான்காவது, காலம். செய்மதி மடித்தபடி மாதக்கணக்கில் பெட்டிக்குள் இருக்கும். கலிலியோவின் அன்ரெனா வருடக்கணக்கில் மடங்கியிருந்தது. பிள்ளைகள் கட்டிவைத்து இரண்டு வாரம் விட்டுப் பார்த்தபோது கட்டுத் தளர்ந்திருந்தது. நைலோன் மெல்ல நீளும் என்பது ஒரு காரணம். முடிச்சு வழுக்குவது மற்றக் காரணம். இந்த இடத்தில்தான் வைத்தியருக்கு வேலை வந்தது. நாங்கள் தோலைத் தைக்கும் நூல்களில் ஒன்றும் இதே ஒற்றை இழை நைலோன்தான். அது வழுக்கும், பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் முதற் சுற்றை இரட்டிப்பாகப் போட்டு, அதன்மேல் எதிரெதிர்த் திசைகளில் பல சுற்றுப் போடுவோம். பிள்ளைகளுக்கு அந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்தோம். முடிச்சு நின்றது.

இனிச் சொல்லப்போவதுதான் எமது பேச்சின் காரணம்.

ஒருநாள் குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒரு வரி அழிறப்பரால் அழிக்கப்பட்டிருந்தது. கேட்டோம். ஒரு தங்கை தலையைக் குனிந்துகொண்டு, “அது சரியாத் திறக்கேல்லை டொக்டர். ஆனா அது கருவியின்ரை பிழையில்லை, நான்தான் முடிச்சைப் பிழையாப் போட்டனான். அதாலை எண்ணேல்லை” என்றாள். அவளை நாங்கள் ஏசவில்லை. ஏசுவதற்கு எங்களுக்குத் தகுதியும் இல்லை. எங்களுடைய கதையை அவளுக்குச் சொன்னோம். அதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

நாங்கள் பயிற்சி வைத்தியர்களாக இருந்த காலம். ஒரு இரவு மூச்சுத் திணறிய ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மூச்சுக்குழாயில் குழாய் இடவேண்டும். தொண்டையைப் பார்க்கும் கருவியை விரித்தோம். அதன் சிறு மின்குமிழ் எரியவில்லை. அவசரத் தட்டுவண்டியில் தொங்கிய பட்டியலில் அன்று காலையே அந்தக் கருவிக்கு நேரே சரி அடையாளம் இடப்பட்டிருந்தது. கீழே இருந்த கையெழுத்து எங்களுடையது. விரித்துப் பார்க்காமல், நேற்றும் எரிந்ததுதானே என்று இட்ட கையெழுத்து. தாதி ஒருவர் அடுத்த விடுதிக்கு ஓடிப்போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவர் ஓடிவரும்வரை அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற நேரத்தை இருபது வருடம் கழிந்தும் எங்களால் மறக்க முடியவில்லை. அன்றுமுதல் விரித்து, எரிவதைக் கண்ணால் கண்ட பின்னரே அடையாளம் இடுகிறோம்.

“முடிச்சுப் பிழை என்றால், மேலே அனுப்பும் நாளிலும் முடிச்சுப் போடப்போவது ஒரு மனிதக் கைதானே மகள்?” என்று கேட்டோம். அவள் யோசித்தாள். அழித்த வரியை மீண்டும் எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் இட்டாள். அதன் பிறகு, பிழையாக முடியமுடியாதபடி தங்கூசியை வழிநடத்தும் சிறு பள்ளம் ஒன்றைப் பலகையில் வெட்டியவளும் அவளே. அழித்த வரி அழிந்தே இருந்திருந்தால் அந்தப் பள்ளம் வந்திருக்காது.

இனி ஒரு சிறு கணக்கு. மருத்துவ ஆய்வில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஒரு மருந்தை 30 பேருக்குக் கொடுத்து ஒருவருக்கும் தீங்கு வரவில்லை என்றால், தீங்கே இல்லை என்று சொல்லமுடியாது. 3ஐ 30ஆல் வகுக்கவேண்டும். நூற்றுக்குப் பத்துப் பேருக்குவரை தீங்கு வரும் வாய்ப்பை 95 வீத நம்பிக்கையுடன் இன்னும் விலக்கமுடியாது. 300 பேருக்குக் கொடுத்தும் தீங்கு வராவிட்டால்தான் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறையும். அன்ரெனாவுக்கும் இதே கணக்குத்தான். 30 தடவை திறந்தது என்று கைதட்டலாம். ஆனால் பத்துக்கு ஒன்று தவறும் பொறியாகவும் அது இருக்கக்கூடும்.

குறைந்த செலவின் உண்மையான பெறுமதி இங்கேதான் தெரிகிறது. விலை உயர்ந்த அறையில் சில தடவைகளே சோதிக்க முடியும். எங்கள் பலகையில் ஒரு தடவைக்கு ஒரு சாண் தங்கூசி போதும். ஆகவே முந்நூறு தடவை செய்யலாம். மலிவான கருவியால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லமுடியாது. அதனால் பதில் சொல்லக்கூடிய கேள்வியை அலுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஒரு நிபந்தனையும் வைத்தோம். எதையாவது மாற்றினால் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒருமுறை நூறைத் தாண்டிய பின்னர், உருகிய நைலோன் துளி நாடாவில் ஒட்டி அதைப் பிடித்துக்கொண்டது. தாங்கியை மாற்றவேண்டி வந்தது. எண்ணிக்கை பூச்சியம்! பிள்ளைகளின் கண் கலங்கியது. அடுத்த நாள் பாடசாலை முடிந்ததும் 1 என்று எழுதித் தொடங்கினார்கள்.

1990களில் இங்கே படித்த எங்களுக்கு இது புதிதல்ல. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். செய்முறைப் பரீட்சைக்கு ஒரு கருவியைப் பத்துப் பேர் பகிர்ந்தோம். இல்லாமையை நாங்கள் புகழவில்லை. அது எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் இருப்பதை வைத்து நேர்மையாக அளக்கும் பழக்கத்தை எங்கள் ஆசிரியைகள் அப்போது ஊட்டினார்கள். வாசிப்பு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் வந்ததையே எழுது என்பார்கள். அதை மறந்த ஒரு காலையின் கதையைத்தான் சற்றுமுன் சொன்னோம்.

உலகெங்கும் வாழும் பழைய மாணவியரே! கட்டடத்துக்கும் கணினிக்கும் நீங்கள் அள்ளித் தந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறோம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு பின்னேரம் ஆய்வுகூடத்தில் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து எண்ணுங்கள். வரமுடியாதவர்கள் எங்கள் பொறியியலாளர் தோழியைப்போலத் திரையில் வாருங்கள். நீங்கள் உங்கள் தொழிலில் தவறிய ஒன்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் வெற்றிகளைப் பரிசளிப்பு விழாக்களில் அவர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள்.

நாளை கண்காட்சி மண்டபத்தில் அந்தப் பலகை இருக்கும். அதன் அருகே ஒரு கரும்பலகை. இன்று மாலைவரை அதில் எழுதியிருப்பது இதுதான்: கடைசி மாற்றத்துக்குப் பின்னர் 143 தடவை, தவறு 0, இன்னும் 157. கணக்குப்படி, நூற்றுக்கு இரண்டு வரை தவறும் வாய்ப்பு இன்னும் உண்டு. முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டால் கண்காட்சிக்கு அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். வரியை அழித்த அதே தங்கைதான் முதலில் மறுத்தாளாம்.

வாருங்கள், ஆளுக்கொரு முடிச்சுப் போடுங்கள். திறந்தாலும் திறக்காவிட்டாலும் எண்ணப்படும்.